தரையில் வைக்கக்கூடாத பை

மதுரைக்குப் போவது என்று முடிவானதும் என் வீட்டுக்காரர் ஐந்து சட்டம் போட்டார். காலையில் இறங்கி, மாலை ஐந்து மணிக்குள் திரும்ப பஸ் ஏறிவிட வேண்டும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு, கல்லூரி, இந்த இரண்டைத் தவிர எங்கேயும் சுற்றக்கூடாது. வெளியில் சாப்பிடக்கூடாது. தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அவருடைய போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

அவர் மதுரையைப் பார்த்ததில்லை. நானும்தான். குன்னூரில் ஒரு மிஷன் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த மதுரை சினிமாவில் வரும் மதுரை. நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள், நாற்பது பேர் அருவாளோடு துரத்துவார்கள், நடுவில் ஒரு காய்கறி வண்டி கவிழும். அந்த ஊரில் என் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. போன வருடம் எங்கேயும் கிடைக்காமல் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தவள். இந்த முறை காத்திருப்போர் பட்டியலில் கடைசி ஆளாகத் தொற்றிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். அன்று மாலை நாலு மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஆறாவது சட்டம் ஒன்று இருந்தது. அது மகளுக்குத் தெரியாது. கிளம்புவதற்கு முந்தின இரவு அவள் தூங்கிய பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "ஊரைப் பாரு. மனசுக்குச் சரியில்லைன்னா ஃபைலைக் கொடுக்காம வந்துடு. டைம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்." நான் சரி என்று தலையாட்டினேன். இதை எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆட்டினேன்.

சான்றிதழைத் திருட்டுக் கொடுக்காமல் கொண்டுபோவதற்கும் அவரே வழி சொன்னார். நல்ல தோல்பை எடுத்துப் போனால் கண்ணை உறுத்துமாம். அதனால் துணிக்கடையில் கொடுக்கும் ஒரு கட்டைப்பையை எடுத்து, அடியில் ஃபைலை வைத்து, அதன்மேல் பழைய துண்டைச் சுற்றி, அதற்கும் மேலே இலையோடு இரண்டு கிலோ கேரட்டை அடுக்கி, வாடாமலிருக்க இன்னொரு துண்டைப் போட்டு மூடினார். "எந்தத் திருடனும் கேரட்டைத் திருட மாட்டான்" என்றார். அந்தப் பையை மகளிடம் கொடுக்கவே கூடாது என்றும் சொன்னார். அதே போன்ற சிவப்புக் கைப்பிடி வைத்த கட்டைப்பை தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஆரப்பாளையத்தில் இறங்கும்போது பத்து மணி. குளிர் ஊர்க்காரர்களான எங்களுக்கு அந்த நேரத்திலேயே உள்ளங்கால் சுட்டது. முன்னால் வந்து நின்ற ஆட்டோவில், வேறு வழியில்லாமல், ஏறினோம். கல்லூரியின் பெயரைச் சொன்னதும் டிரைவர், "ஒரிஜினல் குடுக்கவா? ரெண்டு செட்டு ஜெராக்ஸ் கேப்பாக, எடுத்துட்டீகளா? அங்கிட்டுக் கடை கிடையாது, சிம்மக்கல்லுல எடுத்துட்டுப் போயிருவோம்" என்றார். எங்கள் சட்டத்தில் சிம்மக்கல் இல்லை. நீலப் புள்ளி வழி மாறியதும் போன் வந்தது. ஜெராக்ஸ் எடுக்கப் போகிறோம் என்றேன். "பையை விடாதே" என்றார் அவர்.

கடை அகலம் குறைந்த ஒரு சந்தில் இருந்தது. மூட்டை இறக்குகிறவர்கள், டவுன் பஸ், மாம்பழக் கூடை எல்லாம் அந்தச் சந்து வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றன. ஃபைலை எடுத்து நகல் போட்டு, மறுபடி துண்டில் சுற்றி, கேரட்டுக்கு அடியில் புதைத்து, மேல்துண்டையும் போட்டு மூடினேன். பையை பெஞ்சில் வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஒரு ஆள். காதுவரை முறுக்கி விட்ட மீசை, தோளில் சிவப்புத் துண்டு, கண்ணும் சிவப்பு. ஏதோ ஒரு தாளை ஜெராக்ஸ்காரரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்தமாதிரி இருந்தது. உடனே பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மீதிச் சில்லறை வாங்கவில்லை என்று அவள் சொன்னதைக்கூடக் காதில் வாங்கவில்லை.

கல்லூரி வாசலில் காவலுக்கு ஒரு பெண் இருந்தாள். காக்கிச் சட்டைக்குள் சேலை, தலையில் மல்லிகைப்பூ, என்னைவிடப் பத்து வயது குறைவு. "பையக் காமிங்கக்கா" என்றாள்.

"வெறும் கேரட்தாம்மா" என்றேன்.

அவள் மேலே கிடந்த துண்டை விலக்கினாள். நாளிதழைப் பிரித்தாள். உள்ளே அருவாள்.

புத்தம் புதுசு. என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம். வளைந்த முனையில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது, பிடிக்குக் கீழே சந்தனமும் குங்குமமும். போலீஸ், ஸ்டேஷன், பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்று மனதில் வரிசையாக ஓடியது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கெல்லாம் முன்னால், ஃபைல் அங்கே இல்லை என்று தெரிந்த அந்த முதல் நொடியில், எனக்குள் ஒன்று லேசானது. போயிற்று, இனி இவள் இந்த ஊருக்கு வர வேண்டியதில்லை என்று நினைத்தேன். பயமெல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

காவல்காரப் பெண் கத்தவில்லை, விசிலும் ஊதவில்லை. "மொதல்ல செருப்பக் கழட்டுங்கக்கா" என்றாள்.

கழற்றினேன். சிமெண்டுத் தரை சுட்டது.

"கருப்பசாமிக்கு நேந்துக்கிட்டுச் செஞ்ச அருவா இது. பட்டறையிலயே பூச போட்டுக் குடுத்திருக்காக. இனிக் கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் தரையில வைக்கக்கூடாது, பையப் பிரிக்கக்கூடாது. நான் வேற தெரியாமப் பிரிச்சுப்புட்டேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "யாரோ பையக் காணாம அங்க தவிச்சுக்கிட்டு இருப்பாக."

என் பையை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் கணக்கு டீச்சர் மண்டைக்கு அது எட்டியது. பெஞ்சிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? நான்தான். அந்த மீசைக்காரர் என் பையைப் பார்க்கவில்லை, தன் பையைப் பார்த்திருக்கிறார். காலையிலிருந்து நான் பயந்து தேடிக்கொண்டிருந்த திருடனும் நான்தான், அருவாளோடு திரிகிற ஆளும் நான்தான்.

"நீயே வாங்கி வச்சுக்கோம்மா" என்று பையை நீட்டினேன். அவள் இரண்டடி பின்னால் போனாள். "எனக்கு இன்னைக்கு ஆகாதுக்கா. தொடக்கூடாது. நீங்களே மடியில வச்சிருங்க" என்று தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான். எங்கள் போதகர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, கருப்பசாமியின் அருவாளை மடியில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு உட்கார்ந்தேன்.

ஆட்டோ டிரைவர் இன்னும் போகவில்லை. சத்தம் கேட்டு இறங்கி வந்து, பையைத் தொடாமல் குனிந்து பார்த்தார். அருவாளின் முதுகில் நேர்ந்துகொண்டவரின் பெயரும் ஊரும் வெட்டியிருந்தன; பெயரைச் சந்தனம் மறைத்திருந்தது. "பேரையூர்ப் பக்கம்" என்றார். காவல்காரப் பெண், மகள் கையிலிருந்த நகல் உறையில் அச்சடித்திருந்த நம்பரைப் பார்த்து ஜெராக்ஸ் கடைக்குப் போன் போட்டாள். மீசைக்காரர் மிச்சமிருந்த பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாராம். பிரிக்கக்கூடாத பை என்பதால் உள்ளே கேரட் இருப்பது அவருக்குக் கோயில் போய்ச் சேரும்வரை தெரியப்போவதில்லை.

"பேரையூர் பஸ் எப்படியும் திருமங்கலத்தத் தாண்டித்தான் போகணும். அங்க நம்ம மாப்ள டீக்கடை வச்சிருக்கான்" என்றார் டிரைவர். போனை ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் அந்த மாப்ள 'ஏன், எதுக்கு' என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "எம்புட்டு நேரமாச்சு பஸ் கெளம்பி?" என்று மட்டும் கேட்டார். கடையை அப்படியே விட்டுவிட்டு நடக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பஸ் இன்ஜின் உறுமுகிற சத்தம், அதற்கும் மேலே அவர் குரல். "மதுரையில அருவா வாங்கிட்டு வாரவுக யாருண்ணே?"

ஆடி மாதம். அந்த ஒரு பஸ்ஸில் மூன்று பேர் கை தூக்கியிருக்கிறார்கள்.

"மூணு பேரு இருக்காகளே!" என்றார் மாப்ள.

"அப்ப யார் பையில கேரட் இருக்குன்னு பாக்கச் சொல்லு" என்றார் டிரைவர். அந்தப் பக்கம் பெரிய வாக்குவாதம் நடந்தது. பிரிக்கக்கூடாது என்று ஒருவர், பையைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே அருவாள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கலாமே என்று இன்னொருவர். பிறகு திடீரென்று பஸ் முழுவதும் சிரிக்கிற சத்தம். என் வீட்டுக்காரரின் கேரட் வெளியே வந்துவிட்டது என்று புரிந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஃபைல மட்டும் எதிர் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து விடச் சொல்லுண்ணே, சீக்கிரம் வந்துரும்" என்றாள் காவல்காரப் பெண். டிபன் கேரியர், மருந்து, பூக்கூடை எல்லாம் இங்கே அப்படித்தான் போய் வருமாம். மாப்ள கேட்டுச் சொன்னார். "மாட்டேங்குறாரு. பிள்ளையோட சர்டிபிகேட்டு, யாரையும் நம்பிக் குடுக்க முடியாதாம். அவரே எறங்கி வாராராம்."

யாரையும் நம்ப முடியாதாம்! எனக்கு அந்த மனிதரை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

அப்போது மணி பன்னிரண்டேகால். ஒன்றரைக்கு வந்துவிடுவார் என்றார்கள். ஒன்றரை ஆயிற்று, இரண்டு ஆயிற்று. முளைப்பாரி ஊர்வலம் ஒன்று சாலையை அடைத்திருப்பதாகச் செய்தி வந்தது. அதன்பிறகு செய்தியே இல்லை. மீசைக்காரரின் நம்பரை வாங்க யாருக்கும் தோன்றவில்லை. என் போனில் வீட்டுக்காரர். "ரெண்டு மணி நேரமா புள்ளி ஒரே இடத்துல நிக்குதே?" வரிசையில் நிற்கிறோம் என்றேன். மடியில் அருவாள் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆட்டோ டிரைவர் இரண்டு முறை சவாரி போய்விட்டு, இரண்டு முறையும் "வந்துட்டாகளா?" என்று திரும்பி வந்து பார்த்தார். காவல்காரப் பெண் உள்ளே போய், சான்றிதழ் வந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். நாலு மணி என்றால் நாலு மணிதான் என்று சொல்லிவிட்டார்களாம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு முன்னால் எங்களை யாரென்றே தெரியாதவள்.

இரண்டரை மணிக்கு அவள் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். புளிசாதமும் கத்தரிக்காயும். மூடியில் பாதியைப் போட்டு எங்களிடம் நீட்டினாள். வேண்டாம் என்றால் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. நான் கையை நீட்டினேன். "அய்யய்யோ, எச்சக் கையோட அதத் தொடக்கூடாதுக்கா. தாயி, நீ அம்மாவுக்கு ஊட்டி விடு" என்று மகளிடம் சொன்னாள்.

மகள் எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து உருண்டை பிடித்து ஊட்டினாள். நான் அவளுக்குக் கடைசியாக ஊட்டியது எப்போது என்று யோசித்துக்கொண்டே மென்றேன். மூன்றாவது வாய் கொடுக்கும்போது அவள் கண்ணை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"பையில ஃபைல் இல்லைன்னு தெரிஞ்சதும் உங்க முகம் மலர்ந்துச்சும்மா. நான் பார்த்தேன்."

வாய் நிறையச் சோறு. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடியில் அருவாள். எழுந்து போகவும் முடியாது, எதையாவது சொல்லிச் சமாளிக்கவும் முடியாது. கண் எரிந்தது. புளிசாதத்தில் மிளகாய் அதிகம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. அவள் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த உருண்டையைப் பிடித்து, அதிலிருந்த மிளகாயை எடுத்துப் போட்டுவிட்டு, என் வாய்க்குக் கொண்டுவந்தாள். என் பெண்ணை ஊர்க்காரர்களிடமிருந்து காப்பாற்ற வந்தவள் நான். ஊர்க்காரர்கள் நாலு பேர் அவள் சீட்டைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருக்க, அது போனால் நல்லது என்று நினைத்தவளும் நான். அவமானமாக இருந்தது.

விழுங்கி முடித்ததும், "தப்புதான் கண்ணு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் வாசலைப் பார்த்த பார்வை வேறு. அந்த மீசை எப்போது வரும், எப்போது வரும் என்று காலையில் செய்யாத ஜெபமெல்லாம் செய்தேன். மடியிலிருந்த சாமியையும் விடவில்லை.

மூன்று நாற்பதுக்கு வந்தார். ஊர்வலத்தில் பஸ் மாட்டிக்கொள்ள, இறங்கி நடந்து, ஊர்வலத்தைத் தாண்டி யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றி வந்திருக்கிறார். சட்டை முழுக்க வேர்வை. கட்டைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். அதையும் வழியில் எங்கேயும் கீழே வைக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் எழுந்து நின்று, அருவாள் பையை இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் எங்கள் பையை உடனே நீட்டவில்லை. காவல்காரப் பெண் பிரித்துவிட்டதைச் சொல்லி அழுகிற நிலையில் நின்றாள். "தெரியாமத்தானத்தா பிரிச்ச, விடு" என்றார். நான், "மன்னிச்சுக்கங்க. உங்க மீசையைப் பார்த்துப் பயந்துட்டேன்" என்று உளறிவிட்டேன்.

"இந்த மீசைக்கா?" என்று அதைத் தடவிப் பார்த்தார். "எங்க வீட்டுப் பூனகூடப் பயப்படாது."

கோயிலில் பூசைக்கு நேரம் ஆகிவிட்டிருக்குமே என்று கேட்டேன். போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி பிழைத்து வந்ததற்காக அவர் நேர்ந்துகொண்டது என்று மாப்ள போனில் டிரைவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது.

"கருப்பு எங்கம்மா போயிறப் போறாரு? ராத்திரி ஆனாலும் இருப்பாரு. இங்க நாலு மணிக்குக் கதவ அடச்சிருவாகல்ல" என்றார்.

நான் பைக்குக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. என்னைத் தாண்டிப் பார்த்தார். "இதுல பேரு யாருது?"

"என்னுதுங்க" என்றாள் மகள்.

"அப்ப நீ வாங்கு தாயி. பேரு போட்டிருக்கவுக கையிலதான குடுக்கணும்" என்று அருவாளின் முதுகில் சந்தனத்துக்கு அடியில் வெட்டியிருந்த தன் பெயரைக் காட்டினார்.

மகள் செருப்பைக் கழற்றினாள். யாரும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். என் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. அதை இறக்கிக்கொண்டு, "ஓடு" என்றேன். கேரட் இரண்டு படியில் சிதற, வெறுங்காலோடு ஓடினாள். காவல்காரப் பெண் அவளுக்கு முன்னால் ஓடிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். கிளம்பும்போது, மறுபடி பார்க்க வந்த டிரைவரும் காவல்காரப் பெண்ணும் ஆளுக்குக் கொஞ்சம் கேரட் வாங்கிக்கொண்டார்கள். மீசைக்காரர் ஒன்றே ஒன்று எடுத்து, கழுவக்கூட இல்லாமல், கடித்துக்கொண்டே போனார். பஸ் கிளம்பியதும் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நீலப் புள்ளி நகர்ந்ததைப் பார்த்துப் போன் வந்தது. ஊர் எப்படி, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

"ஊர்ல அருவாளும் கையுமா ஒரே ஒரு ஆளைத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் அவள் இருப்பாளே என்ற ஜாக்கிரதை. "ஃபைலைக் கொடுத்துட்டியா?"

"நான் கொடுக்கலைங்க" என்றேன். அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. அது என்ன பெருமூச்சு என்று எனக்குத் தெரியும், காலையில் நானும் விட்டதுதான். அதனால் அவரை அதிக நேரம் அதில் இருக்க விடவில்லை.

"அவ பேர்ல இருந்துச்சு. அவளே கொடுத்துட்டா."